பழுதும் அமானிதமும்

அண்டை வீட்டு நண்பர் ஒருவர், விண்டோஸ் 7 இயங்கும் தம் பழைய கணினியை நம்மிடம் கொணர்ந்தார். அவருடைய மறைந்த தந்தையார் தட்டெழுதிய உரைகள் அதில் உள்ளன. கோப்பைத் திறக்க நெடுநேரம். இடையிடையே அசைவற்று நின்றது. 'ஹார்ட் டிஸ்க்கைச் சரிசெய்து தாருங்கள்' என்றார். சரிசெய்வதும் காப்பதும் ஒன்றென எண்ணுவோர் பலர், நாமும் எண்ணியிருந்தோம்.

நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தகட்டின்மேல், மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் படிக்கும் முனை மிதக்கிறது. கெட்ட பகுதிகளுக்கு ஈடாக, ஒதுக்கி வைத்த பகுதிகளை வட்டே ஓசையின்றி மாற்றிக்கொள்ளும். தன் குறையைத் தானே மறைக்கிறது; எனினும் 'ஸ்மார்ட்' என்னும் உட்பதிவில் கணக்கு எழுதி வைக்கிறது. கேட்பவர்க்கு மறைக்காததைப் பொய்யெனக் கூற நம் மனம் ஒப்பவில்லை.

'செக்டிஸ்க்' என்னும் கருவியை முழு ஆய்வுக்கு ஏவினால், வட்டு முழுவதையும் படிக்கச் செய்யும். நோயாளியை ஓடவிடுவது போன்றது. அது பேணுவது பதிவேட்டின் ஒழுங்கையே. உள்ளிருக்கும் எழுத்தை அன்று. உரிமையறியாத் துண்டுகளை வேறு பெயரிட்டு ஒதுக்கிவிடும். நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது பெட்டியா, எழுத்தா? எழுத்தே அமானிதம் எனில், படியெடுக்குமுன் பழுதுபார்ப்பது, நல்ல நிய்யத்துடன் செய்யினும், வரம்பு மீறலே. (சரிசெய்யும் ஆசை நமக்கும் இருந்தது, கைத்திறனைக் காட்டும் ஆசை அது.)

இணைப்புக் கம்பியை மட்டும் மாற்றிப் பார்த்தோம், நிலை மாறவில்லை. வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, தந்தையாரின் உரைகளையே முதற்கண் படியெடுத்தோம். இரண்டு கோப்புகள் வரவில்லை. அவ்விரண்டின் பெயரையும் தாளில் எழுதி, நண்பரிடம் தந்தோம்.