காலியாகச் செல்லும் பின்னிருக்கை

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையிலும், அங்கிருந்து வடக்கே கோவளம் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஒரு காட்சியைக் காணலாம். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் ஓரமாக நின்று, வரும் வாகனங்களை நோக்கிக் கையை நீட்டுவார்கள். சிலர் நிறுத்தி ஏற்றிக் கொள்வர்; பலர் போய்விடுவர். இதை ‘லிஃப்ட் கேட்பது’ என்கிறோம்.

‘இது யாசகம் ஆகாதா? மானமுள்ள முஸ்லிம் இப்படிக் கேட்கலாமா?’ என்று சிலர் வினவுகின்றனர். நியாயமான கேள்விதான். மக்களிடம் எதையும் கேட்பதில்லை என்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்த ஸஹாபாக்களில் சிலர், தம் சாட்டை கீழே விழுந்தாலும் எடுத்துத் தரும்படி எவரிடமும் சொல்லமாட்டார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். ஆயினும், தபூக் போருக்குச் செல்ல வாகனம் கேட்டு வந்து, இல்லையென்றதும் கண்ணீர் பெருகத் திரும்பிய ஏழைகள்மீது குற்றமில்லை என்பதைத் திருமறையின் ஸூரத்துத் தவ்பா 92-ஆம் வசனம் உணர்த்துகிறது. வசதியிருந்தும் கேட்பதையே வழக்கமாக்கிக் கொள்வது வேறு. வழியில் தவித்துக் கேட்பது வேறு.

ஆனால், கேட்பவரை நாம் விசாரிக்குமுன், வாகனத்தில் செல்பவரையே மார்க்கம் விசாரிக்கிறது. அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸைப் பாருங்கள். ஒரு பிரயாணத்தின்போது ஒட்டகத்தில் வந்த ஒருவர் வலமும் இடமுமாகப் பார்க்கத் தொடங்கினார். அவர் வாய்திறந்து கேட்டதாக அதில் இல்லை. உடனே பெருமானார் (ஸல்) அவர்கள், மிகுதியான வாகனம் உள்ளவர் இல்லாதவருக்கு அதை வழங்குமாறு பணித்தார்கள். மிகுதியான உணவையும் அவ்வாறே பணித்தார்கள். தேவைக்கு மேற்பட்ட எதிலும் தமக்கு உரிமையில்லையோ என்று தோழர்கள் எண்ணுமளவுக்கு அப்போதனை இருந்தது.

பார்வையே அங்கு கேள்வியாயிற்று. நம் நிலை என்ன? ஒரு மாலை கோவளத்திலிருந்து மாமல்லபுரம் நோக்கி மோட்டார் சைக்கிளில் தனியே வந்து கொண்டிருந்தோம். சாலையோரம் பையுடன் நின்ற முதியவர் ஒருவர் கையை நீட்டவில்லை. நம்மைப் பார்த்தார், அவ்வளவே. மஃரிபு ஜமாஅத் தவறிவிடுமென்று நிற்காமல் வந்துவிட்டோம். ஜமாஅத் கிடைத்தது, தொழுகையில் மனம் நிற்கவில்லை. அவரை ஏற்றியிருந்தால் ஓரிரு நிமிடமே தாமதித்திருக்கும். நாம் அஞ்சியது ஜமாஅத் தவறுவதற்கா, வண்டியை நிறுத்தும் சிரமத்திற்கா? நம் மனம் தந்த பதில் நமக்கு உவப்பாயில்லை.

கியூபா நாட்டில் 1990-களில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, மஞ்சள் உடையணிந்த அரசு ஊழியர்கள் சாலையில் நின்று, இடமுள்ள அரசு வாகனங்களை நிறுத்தி, காத்திருப்போரை ஏற்றிவிட்டார்கள். அங்கே அதிகாரி நிறுத்தினார். இங்கே ஈமான் அல்லவா நிறுத்த வேண்டும்?

இதற்காக எச்சரிக்கையைக் கைவிடச் சொல்லவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. இருட்டில் முன்பின் அறியாதவரை ஏற்ற அஞ்சுவது பாவமன்று. இரு சக்கர வாகனத்தில் மூன்றாமவரை ஏற்றுவதோ உதவியே அன்று. அது சட்டத்திற்கும் புறம்பு, உயிருக்கும் ஆபத்து. பெண்கள் விஷயத்தில் இன்னும் பேணுதல் வேண்டும். பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்த அஸ்மா (ரலி) அவர்களைப் பின்னால் ஏற்றிக்கொள்ளப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒட்டகத்தைப் படுக்க வைத்தார்கள். அவ்வம்மையார் நாணித் தயங்கியதை உணர்ந்ததும், வற்புறுத்தாமல் சென்றுவிட்டார்கள். உதவ முன்வருவதும் ஸுன்னத். மறுப்பை மதிப்பதும் ஸுன்னத்.

ஒருவர் வாகனத்தில் ஏற உதவுவதும், அவர் சுமையைத் தூக்கி வைப்பதும் ஸதக்கா என்று ஹதீஸ் கூறுகிறது. அதற்குப் பணம் வேண்டாம். பின்னிருக்கை ஒன்று போதும். இனி வண்டியை எடுக்கும்போது, சாலையோரத்துக் கண்களையும் சற்றுப் பார்த்துச் செல்வோம். வல்ல நாயன் நம் பிரயாணங்களை நன்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.