வகுப்பில்லாத நாட்கள்

கொழும்பில் வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலருக்கு மண்பாண்டம் வனையப் பழகும் ஆசை வந்திருக்கிறது. வாரம் முழுவதும் கணினிக்கு முன்னால் இருந்துவிட்டு, சனிக்கிழமை பின்னேரமாவது கையில் ஈரமண் படட்டும் என்று நினைப்பதில் பிழை ஒன்றுமில்லை. கட்டைபறிச்சான், மூதூர், சம்பூர் பக்கமிருந்து போய் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் இந்த ஆசை வரலாம். எங்கே சேர்வது என்று தேடுகிறவர்கள் படங்களைப் பார்க்கிறார்கள், ஆசிரியரின் பெயரைப் பார்க்கிறார்கள், கட்டணத்தைக் கேட்கிறார்கள், முதல் நாளே ஒரு கோப்பையாவது செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். வகுப்பு நடக்காத நாட்களில் மாணவர் அங்கே போகலாமா, போனால் அவருக்கு என்ன வேலை இருக்கும் என்று மட்டும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பேன். மண்வேலையின் பெரும்பகுதி இரண்டு வகுப்புகளுக்கு இடையில்தான் நடக்கிறது. அந்த இடைவெளியில் மாணவருக்குப் பங்கு கொடுக்காத இடம், எவ்வளவு அழகாக இருந்தாலும், தொழிலில் ஒரு துண்டை மட்டும் வெட்டி விற்கிறது.

இதற்குச் சாட்சி தேடி எங்கள் பக்கத்து ஆட்கள் தூரப் போகத் தேவையில்லை. மூதூர், கிண்ணியா எருமைத்தயிர் வரும் சட்டி ஒன்றைக் கழுவி, உள்ளே விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். அடியிலிருந்து விளிம்புவரை ஏறும் வரிகள் தட்டுப்படும். வனைந்தவரின் விரல் ஏறிய வழி அது. கவிழ்த்தால் அடியில் சிப்பி ஓட்டின் கோடுகளைப் போல வளைந்த ஒரு தடம் இருக்கும். சக்கரத்தில் வைத்த பெரிய மண்குவியலின் உச்சியில் சட்டியை எடுத்து, சுழற்சி நிற்கும் முன்னரே நூலால் அறுத்ததன் அடையாளம் அது. தயிர்ச்சட்டி அவசரத்துக்குப் பிறந்த பாண்டம், அதற்கு அவ்வளவு போதும். தண்ணீர்ப் பானையின் கதை வேறு. உருண்ட அடியுள்ள பானையைச் சக்கரத்திலேயே முடித்துவிட முடியாது. வாயையும் கழுத்தையும் சக்கரத்தில் எடுத்து, கீழ்ப்பகுதியைத் தடிப்பாக விட்டு இறக்கிவைப்பார்கள். மண் ஓரளவு இறுகியபின் உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டித் தட்டி வயிற்றை உருட்டி அடியை மூடுவார்கள். சிவகங்கை மாவட்டத்து மானாமதுரையில் கடம் செய்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊர்ப் பாண்டங்களில் கடத்துக்கு இருக்கும் மதிப்பு, சக்கரத்தை விட்டு இறங்கியபின் விழும் அடிகளால் வருவது. வித்துவானின் விரல் தேடும் நாதம், பாதி காய்ந்த சுவரைத் தட்டித் தட்டிச் சீராக்கும் வேலையில்தான் உருவாகிறது. சக்கரத்தைச் சுற்றி மட்டும் பாடத்திட்டம் போடுகிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இடைவெளியின் நீளத்தை நேரசூசி தீர்மானிப்பதுமில்லை. அதைக் காற்றுத் தீர்மானிக்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் திருகோணமலைப் பக்கம் காலையில் வனைந்த கிண்ணம் பின்னேரத்துக்குள் சீவுகிற பதத்துக்கு வந்துவிடும். கொஞ்சம் அயர்ந்தால் விளிம்பு வெளுத்து வெடிக்கும். அதே மாதங்களில் தென்மேல் பருவமழையில் நனைந்துகொண்டிருக்கும் கொழும்பில் அதே கிண்ணம் இரண்டு மூன்று நாள் ஈரமாகவே கிடக்கலாம். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், கையில் தூக்கினால் வளையக் கூடாது: அந்தப் பதம் சில மணி நேரமே நிற்கும். அப்போதுதான் கவிழ்த்து வைத்து அடியைச் சீவ முடியும், கைபிடியை ஒட்ட முடியும். வாரத்துக்கு ஒரு வகுப்பென்று வைத்திருக்கும் இடத்தில் அந்தப் பதம் புதன்கிழமை இரவு வரலாம். அப்போது மாணவர் அங்கே இல்லை. ஒன்றில் யாரோ ஒருவர் பொலித்தீனால் மூடிக் காப்பாற்றி வைப்பார், அல்லது அவரே சீவி, முதற் சூடு வைத்து, மாணவர் சொன்ன நிறத்தில் கிளேஸ் முக்கி, இரண்டாம் சூடும் வைத்து, சில வாரம் கழித்து ஒரு கடதாசிப் பையில் போட்டுக் கொடுப்பார். கோப்பை பளபளவென்று இருக்கும். வனையும்போது இருந்ததைவிட நூற்றுக்கு 10, 12 வீதம் சுருங்கியும் இருக்கும். ஏன் சுருங்கியது, எப்போது சுருங்கியது என்பது கொண்டுபோகிறவருக்குத் தெரியாது.

இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. சேருமுன் அந்த இடத்துக்கு ஒருதரம் போய், அலுமாரித் தட்டில் காயும் மாணவர்களின் பாண்டங்களைக் கேட்டு வாங்கிக் கவிழ்த்துப் பாருங்கள். அடி பாரமாக, சீவாமல், நூல் அறுத்தபடியே இருந்தால் அங்கே மாணவர்கள் இரண்டாம் நாளைக் காண்பதில்லை. எல்லா அடியும் ஒரே அளவில், ஒரே கை சீவியதுபோலத் திருத்தமாக இருந்தாலும் அதே முடிவுதான். வேலையாள் ஒருவர் செய்து கொடுக்கிறார். ஒன்று தடிப்பு, ஒன்று மெல்லிசு, ஒன்றில் சீவுகத்தி ஓட்டை போட்டிருக்கிறது என்றால் அங்கே ஆட்கள் பழகுகிறார்கள். வெடித்த பாண்டங்களையும் தேடுங்கள். அடிமண்ணை வனையும்போதே அழுத்தி இறுக்காமல் விட்டால் நாலைந்து நாள் கழித்து நடுவில் நெளிவாக ஒரு வெடிப்பு விழும். வனைந்த கையே அதைக் கண்டால்தான் அடுத்த முறை அழுத்தும். வெடித்ததை உடனே எடுத்தெறிந்து சுத்தமாக வைத்திருக்கும் இடத்தில் இந்தப் பாடம் குப்பைக்குப் போகிறது. (தரையை ஈரத்துணியால் துடைக்கிறார்களா, தும்புத்தடியால் கூட்டுகிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். காய்ந்த களிமண் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குக் கூடாது.)

நல்ல ஆசிரியர் அமைந்தால் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் பெயர்பெற்ற ஆசிரியர்கள் எப்படிப் பழக்கினார்கள் என்று பார்த்தால் விடை என் பக்கமே சாய்கிறது. பெர்னார்ட் லீச்சும் ஹமாடா ஷோஜியும் 1920இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் தொடங்கிய பட்டறையில் பழகுநர்கள் பட்டறை வேலையோடேயே வளர்ந்தார்கள். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் மாதக்கணக்கில் தங்கிப் பயின்றவர்கள் பிறகு இந்தியா முழுவதும் தங்கள் சொந்தப் பட்டறைகளை வைத்தார்கள். அங்கே போனவர்களுக்குக் கிடைத்தது ஆசிரியரின் பேச்சு மட்டுமல்ல. மண் பிசைவது, காயவைப்பது, சூளை அடுக்குவது, சூளை திறக்கும் நாளில் பக்கத்தில் நிற்பது எல்லாம் சேர்ந்து கிடைத்தது. அதே ஆசிரியரை வாரம் இரண்டு மணி நேரம் கொழும்பில் கொண்டுவந்து இருத்தினால் அவரால் சக்கரத்தில் கை வைக்கும் விதத்தைத் திருத்த முடியும். புதன்கிழமை இரவைத் திருத்த முடியாது.

இன்னொரு மறுப்புக்கு நான் பாதி இணங்குகிறேன். எல்லாரும் குயவராக வரவில்லை, மனம் ஆற ஒரு பின்னேரம் போதும் என்பவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. அவர்கள் பக்கத்தில் எது இருக்கிறதோ அதற்குப் போகலாம், மகிழ்ச்சியாகத் திரும்பலாம். அதைப் பழகுதல் என்று அழைக்காதவரை எனக்கு வழக்கில்லை. ஆனால் மன ஆறுதல் தேடிப் போகிறவர்கள் பலர் மூன்றாம் வகுப்போடு நின்றுவிடுவதற்கு இந்தத் துண்டாடலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மண்ணை நடுவுக்குக் கொண்டுவருவதே தொடக்கத்தில் பெரிய போராட்டம். வாரத்துக்கு ஒருமுறை அதே போராட்டத்தைப் புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கை ஏறுவதில்லை, சலிப்புத்தான் ஏறுகிறது. தட்டில் காயும் ஒன்று தன்னுடையது, அதை நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தால் ஆள் வருவார்.

ஆகவே தூரம் முக்கியமாகிறது. வேலைநாளில் இறங்கி ஏறிப் போகக்கூடிய இடமாக இருக்க வேண்டும். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவருக்கு, அந்த வீதியிலேயே இருக்கும் சாதாரணப் பட்டறை, பத்தரமுல்லைக்கு அப்பால் இருக்கும் புகழ்பெற்ற பட்டறையைவிட நல்லது. சூளை அந்த இடத்திலேயே இருக்கிறதா, வேறெங்கோ அனுப்பிச் சுடுகிறார்களா என்பதையும் கேட்டுவிட வேண்டும். மின்சூளை ஒரு சூட்டை முடிக்க எட்டுப் பத்து மணி நேரம் எடுக்கும், ஆற மேலும் ஒரு நாள் போகும். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம்வரை போனபோது மின்சூளையை நம்பியிருந்த எவராலும் ஒரு சூட்டைத் திட்டமிட்டிருக்க முடியாது. அதன்பின் மின்கட்டணமும் ஏறிவிட்டது. சூளையை அரிதாக மூட்டுகிறவர்கள் மீது கோபப்பட இடமில்லை. ஆனால் எப்போது மூட்டுவோம் என்று முன்கூட்டியே சொல்கிறவர்களிடம் சேரலாம்.

இத்தனை பாடு எதற்கு, கேகாலைக்குப் பக்கத்தில் மொலகொடவில் தலைமுறை தலைமுறையாக வனைகிறவர்கள் இருக்கிறார்களே, அங்கே போய்ப் பழகலாமே என்றும் சொல்வார்கள். இடைவெளி என்று நான் பேசுவது முழுவதும் அந்த முற்றங்களில் இருப்பதுதான். வீடும் பட்டறையும் ஒன்று, காயும் சட்டிமேல் எப்போதும் யாரோ ஒருவரின் கண் இருக்கும். போய்ப் பார்க்கலாம், பார்த்தே ஆக வேண்டும். என்றாலும் ஒருவரின் அடுப்பெரியும் தொழிலுக்குள் எங்கள் பொழுதுபோக்கை வைத்துக்கொண்டு நுழைவதில் கூச்சம் வேண்டும். இன்னொன்றும் உண்டு. தமிழரிடமும் சிங்களவரிடமும் வனைவது சாதியாக ஒட்டவைக்கப்பட்ட வேலை. பிறந்ததால் செய்தவர்களுக்கு மரியாதை குறைவாகவும், கட்டணம் கட்டிப் பழகுகிறவர்களுக்கு மதிப்பாகவும் அதே வேலை இன்று நடக்கிறது. நகரப் பட்டறை ஒன்று அந்தக் குடும்பங்களிலிருந்து ஒருவரை மண் பிசையும் கூலியாளாக வைத்திருக்கிறதா, ஆசிரியர் கதிரையில் இருத்தியிருக்கிறதா என்று பார்ப்பதும் தேர்வின் ஒரு பகுதியாக இருக்கட்டும்.

கடைசியாகப் பணம். எந்நேரமும் திறந்திருக்கும் பட்டறைக்கு மாதச் சந்தா கட்டுவது எல்லாராலும் ஆகாது; ஊருக்குப் பணம் அனுப்பும் பிள்ளைக்கு நிச்சயம் ஆகாது. அதற்காக என் வாதத்தைக் கைவிட நான் தயாரில்லை, இடைவெளியை அறைக்குக் கொண்டுபோகலாம் என்கிறேன். கிள்ளி எடுக்கும் கிண்ணத்துக்கும் மண்திரி சுற்றி எழுப்பும் சட்டிக்கும் சக்கரம் வேண்டாம். ஒரு பலகை, ஈரத்துணி, பொலித்தீன் பை, பழைய கரண்டி இருந்தால் வெள்ளவத்தை அறையின் யன்னலோரத்திலேயே காயவைத்துச் சீவலாம். வெடிப்பு விழுவதையும் கண்ணால் காணலாம். அப்படியானால் பட்டறையிடம் கேட்க வேண்டியது, வெளியே செய்ததைச் சுட்டுத் தருவார்களா, அதற்கு என்ன கட்டணம் என்பதே. பலர் தயங்குவார்கள், தயக்கத்தில் நியாயம் உண்டு. செம்மண் பாண்டம் 1000 பாகைக்குப் பக்கத்தில் சுடுவதற்கு உரியது. அதை 1200க்கு மேலே போகும் ஸ்டோன்வேர் சூளையில் வைத்தால் இளகிச் சரிந்து தட்டையும் பக்கத்துப் பாண்டங்களையும் நாசமாக்கும். சரியாகக் காயாதது நீராவியில் வெடித்துச் சிதறும். ஆகவே மண்ணை அவர்களிடமே வாங்கிக்கொண்டு போவதாகச் சொல்லுங்கள். கொண்டுவருவதை அவர்கள் கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சி பார்த்தபின் அடுக்கட்டும். அதற்கு ஒத்துக்கொள்ளும் இடத்தில் வாரம் ஒரு வகுப்பே போதும்.