பிறவாதவர்களுக்கு ஒரு நாற்காலி

சென்ற மாதம் வீடு சந்திக்கப் போயிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "ஊர் நாற்பது வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று இப்போதே கூட்டம் போட்டு யோசிக்கிறார்களாமே, சுவாமி? நாளை நடப்பது தேவ சித்தம். அதில் நாம் ஏன் தலையிட வேண்டும்?" என்று கேட்டார். சற்றுப் பொறுத்து, "என் பிள்ளைகள் மூன்று பேரும் வெளியூர். அப்போது இந்த வீட்டில் விளக்கேற்ற யார் இருக்கப் போகிறார்கள்?" என்றும் சொன்னார். வேறு வீடுகள் காத்திருந்தபடியால் அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இந்தத் தாள் அவர் வீட்டிலும் வாசிக்கப்படுகிறது; ஆகவே இங்கே சொல்லுகிறேன்.

பெரியவர் சொன்னது முழுவதும் தப்பல்ல. நாளை நடக்கப்போவது எனக்குத் தெரியும் என்கிறவன் சோதிடன். அவனிடம் போகலாகாது என்று ஞானோபதேசத்திலேயே படித்திருக்கிறோம். ஆனால் நாளை இப்படியும் நடக்கலாம், அப்படியும் நடக்கலாம், எது நடந்தால் யார் பாடுபடுவார்கள் என்று இன்றே எண்ணிப் பார்ப்பது முற்றிலும் வேறு காரியம். தலையான புண்ணியங்கள் நான்கில் ஒன்றாகிய விவேகத்தைப் பற்றி எழுதும்போது, அர்ச். தோமாஸ் அக்வினாஸ் முன்யோசனையையே அதன் பிரதான பாகமாக வைக்கிறார். முன்யோசனைக்கு அவர் வழங்கும் இலத்தீன் சொல்லும், தேவ பராமரிப்புக்குத் திருச்சபை வழங்கும் சொல்லும் ஒன்றே. எனவே முன்யோசனை உள்ளவன் தேவ பராமரிப்போடு போட்டி போடுகிறான் என்று சொல்ல இடமில்லை.

நமது காலத்தில் இது தனிச் சாஸ்திரமாகவே வளர்ந்துவிட்டது. 1957-ம் வருஷம் பாரிஸ் நகரில் இதற்கென்று ஒரு நிலையம் ஏற்படுத்திய காஸ்தோன் பெர்ஜே என்ற தத்துவ ஆசிரியர், வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு தூரம் அதன் விளக்கு வெளிச்சம் எட்ட வேண்டும் என்று உவமை சொன்னார். (பாவம், 1960-ல் மோட்டார் விபத்திலேயே அவர் இறந்தார்.) பெரிய கம்பெனிகளும் ராணுவங்களும் இந்தச் சாஸ்திரத்தைத் தங்கள் காரியத்துக்கு எடுத்துக்கொண்ட கதை நமக்கு வேண்டாம். நம் பங்கைப் போன்ற ஒரு சிறிய ஊர் அதைக் கொண்டு என்ன செய்தது என்பதே நாம் பார்க்கத்தக்கது.

ஜப்பானின் வடகிழக்கில், இவாத்தே மாநிலத்தில், யஹாபா என்று ஓர் ஊர் இருக்கிறது. அதன் ஜனத்தொகை முப்பதாயிரத்துக்கும் குறைவு. அந்த நாட்டிலும் பெரியவரின் கவலைதான்: பிள்ளைகள் பிறப்பது குறைந்து, ஊர்களில் முதியோரே மிஞ்சுகிறார்கள். 2060-ம் வருஷம் வரையில் ஊரை எப்படி நடத்துவது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தபோது, 2015-ல் யஹாபா நிர்வாகத்தார் ஊராரையே கூட்டினார்கள். தட்ஸுயோஷி சாய்ஜோ என்ற பொருளாதார நிபுணரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஒரு புதிய உபாயம் சொன்னார்கள். வட அமெரிக்காவின் இரோக்குவா குலத்தார் ஏழாம் தலைமுறையை மனத்தில் வைத்து முடிவு செய்வார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து சாய்ஜோவுக்குப் பிறந்த யோசனை அது. இன்னும் பிறவாதவர்கள் சந்தைக்கு வந்து விலை பேச மாட்டார்கள். தேர்தலில் ஓட்டுப் போடவும் மாட்டார்கள். அவர்களுக்காகப் பேச யாராவது வேண்டுமே!

ஆகவே கூடியவர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். சில குழுக்கள் இன்றைய ஊராராகவே பேச வேண்டும். மற்றவர்கள், தங்கள் வயது மாறாமல் 2060-க்கே போய்விட்டதாகப் பாவித்து, அந்த வருஷத்து ஊராராகப் பேச வேண்டும். இந்த முறையில், வேறொருவராகிவிட்டோம் என்ற நினைவு வருவதற்காகத் தனி அங்கி அணிந்துகொள்வதும் உண்டு. கேட்பதற்கு நாடகமாய்த் தோன்றும். ஆனால் விளைவைப் பாருங்கள். இன்றைய ஊரார் இன்றைய குறைகளிலிருந்தே தொடங்கினார்கள்: குழந்தைக் காப்பகத்தில் இடமில்லை, முதியோருக்கு வசதி போதவில்லை. எதிர்கால ஊராரோ தங்கள் மண்ணிலே என்ன இருக்கிறது, ஊரை ஒட்டிய மலையை எப்படிக் காப்பது என்று தொடங்கி, செய்வதற்குக் கடினமானவற்றையும் துணிந்து கேட்டார்கள். பிறகு இரு தரப்பாரையும் சேர்த்து உட்காரவைத்துப் பொது முடிவுக்கு வரச் சொன்னபோது, பாதிக்குமேல் எதிர்கால ஊராரின் யோசனைகளே நின்றன.

தண்ணீர் விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அந்த ஊரின் குடிநீர்க் கணக்கில் பணம் மிச்சம் இருந்தது. மிச்சம் இருந்தால் கட்டணத்தைக் குறைக்கலாமே என்பதுதான் இன்றைய மனிதனின் நியாயம். 2060-லிருந்து பார்க்கிறவனுக்கோ பழுதான குழாய்களும், அவற்றை மாற்றப் பணமில்லாத நிர்வாகமும் தெரிகின்றன. கட்டணத்தை ஏற்றுங்கள் என்கிறான். 2017-ல் கட்டணம் 6 சதவீதம் உயர்ந்தது, ஊராரின் சம்மதத்தோடு. வரியும் கட்டணமும் ஏறும்போது ஜனங்கள் எப்படி இருப்பார்கள் என்று அறிந்தவர்களுக்கு இது சிறிய காரியமல்ல.

ஆயினும் இரண்டு ஆட்சேபங்களை நான் ஒதுக்கிவிட முடியாது. அங்கி போட்டவனும் இன்றைய மனிதன்தானே? தன் சொந்த ஆசையைப் பிறவாத பிள்ளையின் வாயில் வைத்துப் பேசினால் யார் மறுக்கப் போகிறார்கள்? பிள்ளை வந்து மறுக்காது. இரண்டாவது இன்னும் கடினமானது. 6 சதவீதம் மாதச் சம்பளக்காரருக்குத் தெரியாது. கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்க்கும் விதவைக்கு அது தெரியும். பிறவாதவனுக்கு நியாயம் செய்கிறேன் என்று பிறந்திருக்கிறவளின் கஞ்சியில் கைவைப்பது நீதியா?

நீதி அல்ல என்றே நினைக்கிறேன். ஆனால், ஏழையை உத்தேசித்து ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவோம் என்பதும் நீதியல்ல. குழாய் உடைந்த நாளில் பணக்காரன் தன் வளவுக்குள் கிணறு தோண்டிக்கொள்வான். அன்றும் குடத்தோடு நிற்கப் போகிறவள் அந்த விதவையின் பேத்திதான். ஆகவே வருங்காலத்துக்கென்று ஒரு பாரத்தை ஏற்கச் சொல்லுகிறவன் அதில் பெரிய பங்கைத் தன் தோளில் ஏற்கிறானா என்று முதலில் பார்க்க வேண்டும். தான் ஏற்காமல் பிறர்மேல் சுமத்துகிறவனுடைய முன்யோசனைக்கு விவேகம் என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை.

முதல் ஆட்சேபத்துக்குத் தென் ஆப்பிரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். 1991, 1992-ம் வருஷங்களில், வெள்ளையர் ஆட்சி முடியும் தறுவாயில், ஸ்டெல்லன்போஷ் நகரத்துக்கு அருகே மோன் ஃப்ளர் என்ற இடத்தில், ஒருவரையொருவர் நம்பாத பல கட்சிகளைச் சேர்ந்த 22 பேர் கூடினார்கள். கூட்டத்தை நடத்தியவர் ஆடம் கஹேன். எது நடக்க வேண்டும் என்று பேசக்கூடாது, எது நடக்கக்கூடும் என்று மட்டுமே பேசலாம் என்பது விதி. நான்கு படங்கள் உருவாயின. மண்ணில் தலையைப் புதைக்கும் தீக்கோழியும், பறக்க முடியாத நொண்டி வாத்தும், ஒன்றாக மெல்ல எழும்பும் பூநாரைக் கூட்டமும் அவற்றில் மூன்று. எஞ்சியது, சூரியனை நெருங்கிச் சிறகு உருகி விழுந்த இக்காரஸ்: நல்லெண்ணத்தோடு பதவிக்கு வரும் புதிய அரசு, கைக்கு மிஞ்சிச் செலவு செய்து நாட்டை விழச்செய்யும் படம். அந்தப் புதிய அரசில் இடம்பெறப் போகிறவர்களே மேசையில் இருந்தார்கள். பிற்பாடு 1996-ல் நிதி மந்திரியான டிரெவர் மானுவேல் அவர்களில் ஒருவர். தங்கள் தவறைத் தாங்களே முன்னதாகப் பார்க்க ஒப்புக்கொண்டார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல முடியாது. அந்நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் இன்றும் கடுமைதான். ஆனால் மற்றவன் செய்யப்போகும் பிழையை மட்டும் வரைகிறவனை எளிதில் கண்டுபிடிக்க அந்த இக்காரஸ் படம் உதவுகிறது.

பெரியவரிடம் அடுத்த முறை போகும்போது ஒன்று கேட்கலாம் என்றிருக்கிறேன். வெளியூரில் பிறந்த அவருடைய சின்னப் பேத்தி 2060-ல் ஒரு நாள் இந்தத் திண்ணைக்கு வந்து உட்காருகிறாள் என்று வைத்துக்கொண்டு, அவளாகவே கால் மணி நேரம் பேசுங்கள் என்பேன். முற்றத்துக் கிணற்றையும் அப்பா வைத்த பனைகளையும் பற்றி அவள் என்ன கேட்பாள்? பெரியவர் கோபித்துக்கொண்டு அன்று காப்பி கொடுக்காமல் விட்டாலும் விடலாம்.