முடிச்சுப் போட்டது யார்?

சின்னாளபட்டிச் சுங்குடிக்குப் பெயர் வாங்கித் தந்த பழைய முறையில், சேலை சாயத்தொட்டிக்குப் போகும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும். வெள்ளைத் துணியை ஆங்காங்கே கிள்ளியெடுத்து நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும். இரண்டு சேலைக்கும் துணி ஒன்றே, சாயம் ஒன்றே. முடிச்சு விழுந்த இடம்தான் வேறு.

சின்னாளபட்டியை அடுத்த ஆத்தூர் பக்கத்து மனிதருக்கு எபிஜெனெடிக்ஸ் என்னும் துறையை விளக்க வேறு உவமை தேட வேண்டாம். கருவில் தோலாகப் போகும் செல்லுக்கும் மூளையாகப் போகும் செல்லுக்கும் டி.என்.ஏ. ஒன்றுதான். நரம்புக்குரிய பல மரபணுக்கள் தோல் செல்லில் கட்டிவைக்கப்பட்டிருக்கின்றன; நரம்பாகும் செல்லில் அந்தக் கட்டு உரிய நேரத்தில் அவிழ்கிறது. மெத்தில் என்னும் சிறு வேதிக்கூறு டி.என்.ஏ.மேல் ஒட்டுவதும், டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் அது இறுகுவதும் தளர்வதும் இந்த முடிச்சுகளில் முக்கியமானவை. டி.என்.ஏ.வின் எழுத்து அப்படியே இருக்கிறது. அதில் எது படிக்கப்படும் என்பது மாறுகிறது.

மூளை உருவாகும் வேலைக்குக் காலக்கெடு உண்டு. தட்டையான நரம்புத் தகடு சுருண்டு குழாயாகி, கருத்தரித்த சுமார் 28ஆம் நாளுக்குள் மூடிக்கொள்கிறது. அதன் மேல்முனைதான் மூளை. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பெண் விரல்விட்டு எண்ணும் நேரத்தில் உள்ளே தலை உருவாகத் தொடங்கியிருக்கும்.

அப்படியானால் தலையெழுத்து என்பது இதுதானா?

1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை உணவு வழியை அடைத்ததால் மேற்கு நெதர்லாந்து பட்டினி கிடந்தது. அந்தப் பஞ்சத்தில் கருவானவர்களை லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறுபது ஆண்டு கழித்துச் சோதித்தார்கள். ஐ.ஜி.எஃப்.2 என்ற மரபணுவில் அவர்களுக்கு மெத்தில் குறிகள் உடன்பிறந்தோரைவிடக் குறைவாக இருந்தன. முடிவு 2008இல் வெளியானது. பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களிடம் மனச்சிதைவு நோய் ஏறக்குறைய இரு மடங்கு என்று வேறோர் ஆய்வு முன்பே கண்டிருந்தது. முதலாவதால்தான் இரண்டாவது வந்தது என்று யாரும் நிறுவவில்லை.

வினைக்கொள்கையை அறிவியல் ஒப்புக்கொண்டுவிட்டது என்று இதைக் கேட்டுச் சிலருக்குச் சொல்லத் தோன்றும். சைவ சித்தாந்தம் அதற்கு இடம் தரவில்லை. சஞ்சிதம் சேர்ந்து கிடப்பது, பிராரத்தம் இப்பிறவியில் நுகர்வது, ஆகாமியம் இப்போது ஈட்டுவது. மூன்றும் செய்த உயிரின் சொந்தக் கணக்கு. நெதர்லாந்தில் வழியை அடைத்தது படை, பசித்தவள் தாய், தழும்பு பிள்ளைக்கு. அதைப் பிள்ளையின் பிராரத்தம் என்று எழுதிவிட்டால் படை தப்பித்துக்கொள்ளும். தாயைக் கேட்பது அதைவிடக் கொடுமை. 'வயிற்றுப்பிள்ளையோடு நீ என்ன செய்தாய்?' என்று குறையோடு பிறந்த குழந்தையின் அம்மாவிடம் கேட்கும் வாய்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவள் தட்டில் என்ன விழுந்தது என்பதை அவள் மட்டும் முடிவு செய்ததில்லை.

மருத்துவர் டி.எஸ்.சௌந்தரம் தலையெழுத்து என்ற சொல்லை நிறையக் கேட்டிருப்பார். 1904இல் தொழிலதிபர் டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகளாகப் பிறந்தவர். சிறுவயதில் மணமாகி, இளமையிலேயே கணவரை இழந்தவர். அந்தக் காலம் அத்துடன் ஒரு பெண்ணின் கதையை முடித்துவிடும். அவரோ டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்தார், காந்தியவாதி ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்தார், அவரோடு சேர்ந்து 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமம் என்ற ஊரக மேம்பாட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே எழுந்த கஸ்தூர்பா மருத்துவமனை சுற்றுப்பட்டுப் பெண்கள் பேறுகாலத்துக்கு நம்பிப் போகும் இடமாயிற்று. 1952இல் ஆத்தூர் தொகுதி அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. ஊழைப் பற்றி அவர் நூல் எழுதியிருந்தாலும் அவர் வாழ்க்கை சொன்ன அளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது: ஒருவர் மேல் விழுந்த முடிச்சை அவிழ்க்க இன்னொருவர் கை வேண்டும்.

அந்தக் கை எப்போது நீள வேண்டும் என்பதில் மருத்துவம் கறாராக இருக்கிறது. நரம்புக்குழாய்க் குறையோடு ஒரு பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு, அடுத்த கருவுக்கு முன்பிருந்தே போலிக் அமிலம் கொடுத்தால் அந்தக் குறை மீண்டும் வருவதை 72 விழுக்காடு தடுக்கலாம் என்று 1991இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் சோதனை காட்டியது. மெத்தில் குறிகளுக்கான சரக்கு உடலில் தயாராகவும் போலிக் அமிலம் தரும் போலேட் வேண்டும். கருவுற்றது தெரிந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது 28 நாள் பெரும்பாலும் கடந்திருக்கும். ஆகவே பள்ளி மாணவியரிடமிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. அரசுத் திட்டத்தில் வாரம் ஒரு நீல மாத்திரை, அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும். வெறும் வயிற்றில் குமட்டும் என்பதால் மதிய உணவுக்குப் பிறகு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.