எடை கேட்கும் வாய்

2025 நவம்பரில் சென்னையில் 'அதர்ஸ்' படத்துக்கான செய்தியாளர் சந்திப்பில் நடந்தது நம் வன்னிக் கண்டாவளையின் கைத்தொலைபேசிகளுக்கும் வந்து சேர்ந்தது. கதாநாயகியைத் தூக்கி நடித்தீர்களே, அவர் என்ன எடை என்று ஒரு யூடியூபர் கதாநாயகனிடம் முன்னர் கேட்டிருந்தார். அது முறையற்ற கேள்வி என்று அந்தக் கதாநாயகியான கௌரி கிஷன் நேருக்கு நேர் சொன்னார். கேட்டவரோ அதில் என்ன பிழை என்று வாதாடினார். மேடையில் உடனிருந்தவர்கள் அப்போது நடிகைக்காக வாய் திறக்கவில்லை. கண்டனங்கள் எழுந்த பிறகே வருத்தம் தெரிவிக்கப்பட்டது.

ஒருவரின் பருமனைக் கதைப்பொருளாக்க மற்றவருக்கு உரிமை இல்லை. இதில் இரண்டு பக்கம் கிடையாது.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் சரி, செத்தவீட்டிலும் சரி, நம்மிடையே முதல் கதை உடம்பைப் பற்றியதுதான். "என்ன பிள்ளை, நல்லாப் பெருத்திட்டாய்?" கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார். கேட்கப்பட்டவள் சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடுகிறாள். கலியாணப் பேச்சில் இது இன்னும் கொடுமை. வெளிநாட்டிலிருந்து முழுப் படம் கேட்கிறார்கள். "பெம்பிளை கொஞ்சம் உடம்பு" என்று தரகர் குரலைத் தாழ்த்திச் சொல்வதோடு அவளுடைய படிப்பும் உழைப்பும் அடிபட்டுப் போகின்றன.

இந்த மண்ணின் ஆட்களுக்கு இது கூடவே கூடாது. 2009 தொடக்கத்தில் போரால் முரசுமோட்டை, தருமபுரம், கண்டாவளை மக்கள் கிழக்கே தள்ளப்பட்டு முள்ளிவாய்க்கால் வரை போனார்கள். கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். பிறகு செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம். வீடு, மாடு, நகை எல்லாம் போய், பலரும் கொண்டுவந்தது உடம்பு ஒன்றைத்தான். செல் பீஸ் இன்னும் உள்ளே கிடக்கும் உடம்புகள் உண்டு. முழங்காலில் காயப்பட்டவள் வயலில் இறங்க முடியாமல் தையல் மெசினோடு இருந்த இடத்திலேயே காலம் தள்ளுகிறாள், உடம்பு வைக்கிறது. கால் இழந்தவரைப் பார்த்து இங்கே எவரும் சிரிக்கமாட்டார். அதே காயம் பருமனாக வெளிப்பட்டால் மட்டும் சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

நம் முன்னோர் இதில் தடுமாறவில்லை. உருவத்தைப் பார்த்து எவரையும் இகழாதே என்றார் வள்ளுவர். சிறுவயதில் இராமன் எறிந்த வில்லுண்டையைக் கம்பனின் கூனி மறக்கவில்லை. அயோத்தியே அதற்கு அழுதது. தன் கோணல் உடம்பைக் கண்டு நகைத்த சனகனின் அவையோரை, தோலை மட்டும் பார்ப்பவர்கள் என்று கடிந்தார் அட்டாவக்கிரர். அழகுடம்பை உதறிப் பேயுருவில் கயிலைக்கு வந்த காரைக்கால் பெண்ணை இறைவன் அம்மை என்றே அழைத்தான். உடம்பை முன்பு இழிவாக எண்ணியிருந்ததை மறைக்காமல் சொன்ன திருமூலர், இறைவன் குடியிருக்கும் இடம் என்றறிந்து அதைப் பேணினார். வன்னியின் குளக்கட்டுகளில் வீற்றிருக்கும் பிள்ளையாரின் வயிற்றை ஔவையார் அகவலில் போற்றினார். அந்த வயிற்றின் முன் தோப்புக்கரணம் போட்டு எழும்பியவர், வீதிக்கு வந்து ஒரு பிள்ளையின் வயிற்றைப் பழிப்பது பாவம்.

நீரிழிவும் பிரஷரும் பொய்யல்ல. ஆசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் சொன்னார்கள். ஆனால் அது வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையிலான கதை. வெட்கப்படுத்தப்பட்டவர் மெலிவதில்லை, கிளினிக்குக்குப் போகவே தயங்குகிறார்.

1969இல் அமெரிக்காவில் பில் ஃபேப்ரி, பருமனான தம் மனைவி பட்ட அவமதிப்பைப் பொறுக்காமல் அத்தகையோருக்கென ஒரு சங்கம் தொடங்கினார். உடல் விடுதலை என்ற குரலின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. கண்டாவளைப் பெண்ணுக்கு அந்த விடுதலை மிக எளியது: புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்குப் புதுச்சேலையோடு போவது, படம் எடுக்கையில் ஆட்களுக்குப் பின்னால் ஒளியாமல் முன்வரிசையில் நிற்பது, பந்தியில் "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ" என்று கூசாமல் கேட்பது. மெலிந்த பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்த வாழ்க்கை அது.

இந்த மாற்றம் தொடங்க வேண்டியது பாடசாலையில். மருத்துவப் பரிசோதனைக்காகப் பிள்ளைகளை நிறுக்கும்போது ஒருவர் கிலோவை உரத்துச் சொல்லி மற்றவர் எழுதினால், முழு வரிசையும் கேட்கிறது; பள்ளி விடுவதற்குள் அந்தப் பிள்ளைக்குப் பட்டப்பெயர் விழுந்துவிடும். நிறுப்பவரே பார்த்துத் தாமே எழுதிக்கொள்ளட்டும். சுற்றறிக்கைக்குக் காத்திருக்கத் தேவையில்லை, அதிபர் ஒரு சொல் சொன்னால் போதும்.