திடல் யாருக்கு உரியது?

படைகள் விட்டுச் சென்ற நிலம் யாருக்குச் சொந்தம்? அரசுக்கு என்பது சட்டம் தரும் விடை. அரசு அந்நிலத்தின் உடைமையாளனா, அன்றி மக்கள் பொருட்டு அதைக் காத்து நிற்கும் பொறுப்பாளனா என்ற அறக் கேள்வியோ அதன் பின்னும் எஞ்சி நிற்கிறது.

கொழும்புக் காலிமுகத்திடல் இக்கேள்விக்கு நல்லதோர் உரைகல். கோட்டையின் பீரங்கிகள் பகைவர்மீது தடையின்றிச் சுடுவதற்காக ஒல்லாந்தர் வெறுமையாக வைத்திருந்த வெளி அது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856-ம் ஆண்டில் அங்கே தொடக்கிய கடலோர நடைபாதை 1859-ல் நிறைவெய்தியது. கொழும்பின் சீமாட்டிகள், குழந்தைகள் ஆகியோரின் நலம் கருதி இதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லிலும் பொறித்து வைத்தார். கொலைக்கென ஒதுக்கிய வெளி உலாவுதற்குரிய வெளியாயிற்று. நன்றுதான்.

ஆயின், எந்தப் பெண்கள், எந்தக் குழந்தைகள்? அதே ஆண்டுகளில் மன்னார்க் கரையிலிறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்து, மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை அடைந்த தாய்மாரும் மக்களும் அக்கல்லின் கணக்கில் இல்லை. வழியிலேயே மடிந்தோர் பலர். குடியேற்ற அரசின் செல்வமோ அவர்கள் பறித்த கோப்பியில் விளைந்தது.

‘பொது’ என்னும் சொல்லின் எல்லையை அகலச் செய்தவர்கள் மக்களே. 1953 யூலையில் அரிசி விலையேற்றத்தை எதிர்த்துத் திரண்ட பெருங்கூட்டம் அத்திடலிலேதான் கூடியது. 1956 யூன் 5-ல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்த தமிழ்த் தலைவர்களும் தொண்டர்களும் தாக்கப்பட்டதும் அங்கேதான். 2022 ஏப்ரல் முதல் இனம், மொழி, மதம் கடந்து மக்கள் அங்கே மாதக் கணக்கில் கூடியிருந்தனர். மலையகத்தாரும் அவர்களிடையே இருந்தனர். யூலை 22-ம் நாள் விடியுமுன் படையினர் புகுந்து கூடாரங்களைப் பிரித்தெறிந்தனர். பீரங்கி அகன்றதனால் மட்டும் ஒரு நிலம் மக்களுடையதாகி விடுவதில்லை.

திடலுக்கு அண்மையில் இராணுவத் தலைமையகம் நெடுங்காலம் நின்ற நிலத்தின் கதையும் சிந்தனைக்குரியது. அங்கே 2017-ல் வெளிநாட்டு நிறுவனமொன்றின் வானளாவிய ஓட்டல் திறக்கப்பட்டது. “வறிய நாட்டுக்கு முதலீடு வேண்டும், பூங்கா காசு தருமா?” என்று கேட்பார் உளர். கேள்வி புறக்கணிக்கத் தக்கதன்று. எனினும் விற்ற விலை ஒரு முறை வருவது; இழந்த வெளியோ திரும்பி வாராதது. கடற்கரையில் இன்னொரு வெளியை எந்த முதலீடும் படைத்துத் தர இயலாது.

தோட்டத்தில் பிறந்த கொழும்புக் கடைச் சிப்பந்தியை எண்ணிப் பார்ப்போம். ஊரில் லயத்து அறையும் வாசலும் தோட்டத்துக்குச் சொந்தம். பாதையும் ஓடையும் பந்தடிக்கும் மைதானமும் அவ்வாறே. 1948-ம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவன் முன்னோரிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 2003-ம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோர்க்கும் பிரசாவுரிமை வழங்கியது. காலூன்றக் காணியை வழங்கவில்லை. கொழும்பிலோ கடையின் மேல்தட்டே அவன் படுக்கை. விடுமுறை நாளில் கடற்காற்றில் அவன் அமரும்போது, ‘என்ன வாங்கினாய்? யாரைக் கேட்டு வந்தாய்?’ என்று கேட்பாரில்லை. அந்த ஒரு மாலையிலேனும் அவன் முழுக் குடிமகன். இதன் மதிப்பை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது?

நம் நுவரெலியாவிலும் இக்கேள்வி உண்டு. 1873-ல் தேசாதிபதி கிரகரி அமைத்த ஏரியின் கரைப் பூங்காவுக்கு நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். உல்லாசப் பயணிக்கு அது சில்லறை. பிள்ளை குட்டிகளுடன் வரும் கொழுந்து பறிப்பவளுக்கோ வாசலில் நின்று கணக்குப் பார்க்க வேண்டிய தொகை. பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பது மெய்யே. அதை நடந்து வருபவரிடம் வாங்காமல், ஏரியால் வருவாய் பெறும் ஓட்டல்களிடமும் படகுக் குத்தகைகளிடமும் வாங்கலாமன்றோ?

ஆகவே, படை நிலமாயினும் பிற அரச நிலமாயினும், பூங்காவுக்குத் திட்டம் வரைவோர் சொந்த முற்றமில்லாத மனிதனை அளவுகோலாகக் கொள்ளட்டும். நிழல், குடிநீர், கழிப்பிடம், பேருந்து வசதி, கட்டணமில்லா வாசல், கூடிப் பேசும் உரிமை ஆகிய ஆறும் அவனுக்குக் கிட்டுமாயின் மற்றவர்க்கும் கிட்டும். வரைபடம் முடிவாகுமுன் அவன் மொழியில் அது அவன் முன் வைக்கப்படவும் வேண்டும். வார்ட் தம் பின்னவரிடம் ஒப்படைத்தது ஒரு நடைபாதையை. நாம் நம் மாணவரிடம் ஒப்படைக்க வேண்டியதோ, அதில் நடப்பதற்கு எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்ற உணர்வை.