குந்தவை என்று வைக்கலாமா?

விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் பக்கத்து ஊர்களில் திரௌபதி என்ற பெயருள்ள பாட்டிகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம். ரேஷன் கார்டில் திரௌபதி என்றிருக்கும், ஊரார் வாயில் துரோபதை. பாஞ்சாலி என்றும் வைப்பார்கள். நாட்டின் வேறு பல பகுதிகளில் இந்தப் பெயரைப் பெண் குழந்தைக்கு வைக்கத் தயங்குகிறார்கள். சபையில் கூந்தலைப் பிடித்து இழுத்து வரப்பட்டவள், காட்டில் அலைந்தவள், பெற்ற பிள்ளைகள் ஐந்து பேரையும் ஒரே இரவில் பறிகொடுத்தவள். அவள் பட்டதையெல்லாம் நம் பிள்ளையும் பட வேண்டுமா என்ற பயம் அது. கைகேயி என்று பெயர் வைத்தவர் யாரையும் நான் பார்த்ததே இல்லை.

எங்கள் பக்கத்தில் அந்தப் பயம் வராததற்குக் காரணம் உண்டு. திரௌபதியை நாங்கள் திருவிழாவில் கண்விழித்துப் பார்த்து அறிந்தவர்கள். செஞ்சிக்கு அருகே மேலச்சேரியில் இருப்பதுதான் ஆதி திரௌபதி அம்மன் கோயில் என்பது இந்த வட்டாரத்து நம்பிக்கை. கொடியேறிவிட்டால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். பகடை துயில் கூத்தன்று, துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையில் கை வைப்பதற்கு முன் நின்றுவிடுவார். கற்பூரம் கொளுத்தி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்ட பிறகுதான் இழுப்பார். எதிரே பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். திருவிழா முடிகிற நாளில் படுகளம். ஆளைவிடப் பல மடங்கு பெரிதாக மண்ணால் துரியோதனனைச் செய்து படுக்க வைத்திருப்பார்கள். பீமன் வேடக்காரர் அவன் தொடையில் அடிப்பார். அவிழ்ந்து கிடந்த கூந்தலை அம்மன் முடிந்துகொள்வாள். பிறகு தீமிதி. அவமானத்தில் தொடங்கிய கதை எங்கே போய் முடிகிறது என்று தன் கண்ணால் பார்த்த தாய்தான் மகளுக்குத் திரௌபதி என்று பெயர் வைத்தாள்.

இதையெல்லாம் இப்போது யோசிக்க வைத்தது, என் தங்கை மகளுக்குப் பிறந்திருக்கும் பெண் குழந்தை. அவளும் மாப்பிள்ளையும் குந்தவை என்று வைக்க ஆசைப்பட்டார்கள். 2022 செப்டம்பரில் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் வந்தபோது அவர்களுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. சேர்ந்து பார்த்த முதல் படம். அதில் குந்தவையாகத் திரிஷா வந்து நின்ற கோலம் இருவர் மனதிலும் தங்கிவிட்டது.

மாமியாருக்குச் சம்மதமில்லை. “நம்ம பக்கம் உக்காருன்னு யாரு சொல்றா? குந்துன்னுதான சொல்றோம். பள்ளிக்கூடத்துல பசங்க குந்த வை, குந்த வைன்னே கூப்ட்டு அழ வெச்சிடுவாங்க” என்றார். நியாயமான கவலை. வடமாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த யாரும் இதை லேசாகத் தள்ள மாட்டார்கள். என் தங்கைக்கு வேறு கவலை. “பேரச் சொன்னதும் வந்தியத்தேவன் எங்கன்னு கேப்பாங்க. கல்யாணம் ஆற வரைக்கும் கேப்பாங்க, ஆன பிறகும் கேப்பாங்க” என்றாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். “நீங்க என்ன சொல்றீங்க பெரிம்மா?”

உடனே பதில் சொல்ல வரவில்லை. செல்வி, லட்சுமி என்று வைத்தால் அந்தப் பெயருக்கு அந்தக் குழந்தையே முகம். புகழ்பெற்ற கதாபாத்திரத்தின் பெயரை வைத்தால், குழந்தை எங்கே போனாலும் அவளுக்கு முன்னால் இன்னொருத்தி போய் உட்கார்ந்திருப்பாள். நந்தினிக்கு அந்தச் சிக்கல் இல்லை. ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் அந்தப் பெயரோடு வரும் பழுவூர் இளையராணி கல்கியின் கற்பனைதான் என்றாலும், பெயர் எல்லா வீட்டிலும் புழங்கிவிட்டதால் யாருக்கும் அவள் ஞாபகம் வருவதில்லை. பூங்குழலியும் கல்கியின் கற்பனை. நல்ல தமிழ்ப் பெயர் என்றே இன்று வைக்கிறார்கள். குந்தவை அப்படிக் கரையவில்லை. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் நாவல் தொடராக வந்த காலத்திலிருந்து அந்தப் பெயர் பழையாறை இளையபிராட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. படம் வந்ததும் ஒரு முகமும் சேர்ந்துவிட்டது.

ஆனால் அந்தப் பெயருக்கு நாவலுக்கு வெளியே ஒரு வாழ்க்கை உண்டு. அதன் தடம் எங்கள் ஊர்ப்பக்கமே இருக்கிறது. திண்டிவனம் வட்டாரத்தில் தாதாபுரம் என்றொரு கிராமம். சோழர் காலத்தில் அது இராசராசபுரம். இராசராசனின் அக்கா குந்தவை அங்கே மூன்று கோயில்கள் எடுப்பித்தார்: சிவனுக்கு இரவிகுலமாணிக்க ஈசுவரம், திருமாலுக்குக் குந்தவை விண்ணகர், சமணர்களுக்குக் குந்தவை ஜினாலயம். பொன்னும் வெள்ளியும் முத்துமாக அவர் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஒரே பெண், ஒரே ஊரில், மூன்று வழிபாட்டுக்கும் இடம் செய்திருக்கிறார். தஞ்சையில் தந்தை சுந்தரசோழர் பெயரால் அமைந்த ஆதுலசாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, கொடை வைத்தவரும் அவரே. தாதாபுரத்தில் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் இன்றும் நிற்கின்றன. ஜினாலயம் மட்டும் இல்லை. மேல்சித்தாமூர் மடத்தைச் சுற்றித் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழும் வட்டாரம் இது என்பதால் அந்த இழப்பு எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை மகளையும் மாப்பிள்ளையையும் தாதாபுரத்துக்கு அழைத்துப் போனேன். சுவரில் வெட்டியிருந்த எழுத்துகளை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். “இதுல எங்க இருக்கு அவங்க பேரு?” என்று கேட்டாள். அந்த எழுத்தை எனக்கும் படிக்கத் தெரியாது. மாப்பிள்ளை போனில் படம் எடுத்துக்கொண்டார், படிக்கத் தெரிந்தவர்களிடம் கேட்பதாகச் சொன்னார்.

வரும் வழியில்தான் என் மனதில் இருந்ததைச் சொன்னேன். எந்தக் கதையிலிருந்து பெயரை எடுத்தாலும் சரி, ஒருநாள் பிள்ளை கேட்கும், எனக்கு ஏன் இந்தப் பேர் வைத்தீர்கள் என்று. அன்றைக்கு அந்தக் கதையை எதையும் மறைக்காமல் கடைசி வரை சொல்ல முடிய வேண்டும். முடியுமென்றால் தாராளமாக வைக்கலாம். ஒரு படத்தின் ஒரு காட்சி மட்டும்தான் தெரியும் என்றால் பொறுத்திருப்பது நல்லது. அமெரிக்காவில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே அதன் நாயகியை நினைத்துக் கலீசி என்று பெயர் வைத்தார்கள். 2018ஆம் ஆண்டில் மட்டும் 500க்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு. அடுத்த ஆண்டு தொடரின் முடிவில் அவள் ஒரு நகரத்தையே எரித்தாள். முடியாத கதையிலிருந்து எடுத்த பெயர் அது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நம் கதைகள் முடிந்துவிட்டன, படிக்கத்தான் வேண்டும்.

முழுக் கதை என்றால் கசப்பும் சேர்ந்துதான் வரும். கல்கியின் குந்தவை அறிவும் அன்பும் உள்ளவள். அதே குந்தவைக்குச் சிறுவயதில் நந்தினியின் அழகின் மேல் பொறாமையும் இருந்தது. நந்தினி பட்ட புண்ணில் அவளுக்கும் பங்குண்டு. திரௌபதி கதையும் அப்படித்தான். கூத்தைச் சொல்கிற நாம், விழுப்புரத்துக்கு அருகே மேல்பாதியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பட்டியலின மக்கள் உள்ளே வரக்கூடாது என்று எழுந்த தகராறில் அங்குள்ள திரௌபதி அம்மன் கோயில் 2023 ஜூனில் சீல் வைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில்தான் அவர்கள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. சபையில் நீதி கேட்டவளின் சன்னிதிக்குள் போகவே இத்தனை காலம். திரௌபதி என்ற பெயரோடு வளரும் பெண்ணிடம் இதை மறைத்தால், அவள் பெயரில் பாதியை மறைத்ததாகும்.

பெற்றவர்கள் வைத்த பெயரைப் பிள்ளை ஏற்றே தீர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு வரும் திருநங்கைகளால் விழுப்புரத்து விடுதிகள் நிறைந்துவிடும். அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து அழுகிறார்கள். அந்தக் கதையைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டவர்கள், தங்கள் பெயரையும் தாங்களே தேர்ந்துகொண்டவர்கள். என் பேத்தியும் வளர்ந்து வேறு பெயர் வேண்டும் என்றால் அது அவள் உரிமை.

அவசரமும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் போதும். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். சேர்த்த பெயரை மாற்றுவதுதான் அலைச்சல். அதனால் நாவலின் ஐந்து பாகத்தையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள், என் ஓட்டு குந்தவைக்குத்தான் என்றேன். கேலிப் பேச்சை நினைத்து ஒரு நல்ல பெயரை விட்டுவிட எனக்கு மனமில்லை. கேலி செய்கிற பிள்ளைகளையும் தாதாபுரத்துக்குக் கூட்டிப் போகலாம்.

இப்போது வீட்டில் அவள் வெறும் பாப்பா. இரவில் மாப்பிள்ளை வாய்விட்டுப் படிக்கிறார், இவள் பால் கொடுத்துக்கொண்டே கேட்கிறாள். மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாராம். மூன்றாம் பாகமான ‘கொலை வாள்’ வரை வந்துவிட்டார்கள். நந்தினி மேல் இரக்கமாக இருக்கிறது என்று நேற்று போனில் சொன்னாள். குந்தவை அவளுக்குச் செய்ததை மகளிடம் எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டாள். நடந்ததை நடந்தபடி சொல் என்றேன்.